யாழ்ப்பாணக் கோட்டையும் முற்றவெளியும்

தில்லியில் வாழும் தமிழர்க்குக் கோட்டைகள் புதியன அல்ல. விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செங்கோட்டைக்கும் பழைய கோட்டைக்கும் துக்ளக்காபாத்திற்கும் சென்று வராத குடும்பம் நம்மிடையே அரிது. ஊரிலிருந்து விருந்தினர் வந்து இறங்கினால், குதுப்மினாரும் செங்கோட்டையும் காட்டாமல் அவர்களைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. செந்நிற மதிலின் உயரத்தைக் கண்டு வியக்கிறோம், மண்டபங்களின் பளிங்கு வேலையைப் பாராட்டுகிறோம், திரும்பி வருகிறோம். அம்மதில் யாரைக் காத்தது, யாரை வருத்தியது என்னும் வினா நம் உள்ளத்தில் எழுவது குறைவு. கோட்டை என்றால் அது பழங்கதை, அரசர்களோடு முடிந்துபோன ஒன்று என்பது நம் எண்ணம்.

அவ்வாறு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாக நம் மொழி பேசும் மக்களின் நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. அது யாழ்ப்பாணக் கோட்டை. நம்மில் பலருக்கு நினைவு தெரிந்த காலத்திலேயே, 1990ஆம் ஆண்டில், அது நூறு நாட்களுக்கு மேல் முற்றுகையிடப்பட்டது. அதன் வரலாற்றையும் இன்றைய நிலையையும் நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருப்பிடம்

இலங்கையின் வட முனையில் யாழ்ப்பாணத் தீபகற்பம் உள்ளது. நம் வேதாரணியக் கரைக்கும் அதற்கும் இடையே பாக்கு நீரிணை கிடக்கிறது. மலையில்லை, ஆறில்லை, எங்கு நோக்கினும் சமநிலமும் பனைமரங்களுமே. யாழ்ப்பாண நகரின் தென் எல்லையில், ஆழமற்ற கடல்நீரேரியின் கரையை ஒட்டிக் கோட்டை அமைந்துள்ளது. அதன் அருகிலிருந்து பண்ணைப் பாலம் நீரேரியைக் கடந்து தீவுகளை நோக்கிச் செல்கிறது. எதிரே மண்டைதீவு தெரியும்.

செங்கோட்டையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இக்கோட்டை முதற்பார்வையில் ஏமாற்றம் தரக்கூடும். வானளாவும் வாயில் இல்லை. மாடங்களும் குவிமாடங்களும் இல்லை. மதில் தாழ்ந்து, அகன்று, சாய்ந்து கிடக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த செங்கோட்டை, பேரரசின் பெருமையைக் காட்டும் அரண்மனைக்கு இட்ட வேலி. யாழ்ப்பாணத்துக் கோட்டையோ பீரங்கிக்குப் பதில் சொல்வதற்கென்றே கட்டியது. உயர்ந்த மதிலைப் பீரங்கிக்குண்டு எளிதில் சாய்த்துவிடும். தாழ்ந்த மதிலை இரு கற்சுவர்களுக்கு இடையே மண் நிரப்பிக் கட்டினால், குண்டு மண்ணில் புதைந்து வலியிழக்கும். மூலைகளில் முனை நீண்ட கொத்தளங்கள் அமைத்தால், ஒரு கொத்தளத்தின் காலடிக்கு வரும் பகைவனை அடுத்த கொத்தளத்திலிருந்து சுடலாம். ஐரோப்பாவில் அக்காலத்தில் வளர்ந்த கோட்டைக் கலை இது.

பறங்கியரும் ஒல்லாந்தரும்

நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டுவந்த தமிழரசை, 1619ஆம் ஆண்டில் பிலிப் தே ஒலிவேரா என்னும் போர்த்துக்கேயத் தளபதி வென்றான். கடைசி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. ஒலிவேரா ஆட்சியிடத்தை நல்லூரிலிருந்து கடற்கரைக்கு மாற்றி, அங்கே சதுர வடிவில் கோட்டை எழுப்பினான். அதற்கு அற்புதங்களின் அன்னையாகிய மாதாவின் பெயர் சூட்டப்பட்டது. இடித்த கோயில்களின் கற்கள் கோட்டைக்கு ஏற்றப்பட்டன என்று யாழ்ப்பாணத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கோட்டைக்குள் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்து, அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் ஆராய்ந்து வெளியிட்டார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர், ரைக்ளோஃப் வான் கூன்ஸ் என்பவன் தலைமையில் வந்து மூன்று திங்கள் முற்றுகையிட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர்த்துக்கேயர் பணிந்தனர். ஒல்லாந்தர் சதுரக் கோட்டையை நீக்கிவிட்டு 1680ஆம் ஆண்டையொட்டி ஐங்கோண வடிவில் புதிய கோட்டை கட்டினர். கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லே இதற்குப் பெரிதும் பயன்பட்டது. ஐந்து கொத்தளங்களுக்கும் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டனர்: ஒல்லாந்து, சீலாந்து, கெல்தர்லாந்து, உத்ரெக்ட், பிரிஸ்லாந்து. சுற்றிலும் அகழி வெட்டினர். உள்ளே 1706இல் சிலுவை வடிவில் ஓர் ஆலயம் கட்டினர். அகழிக்கு அப்பாலும் அரண்மேல் அரணாக அமைத்துக்கொண்டே சென்று, 1792இல்தான் வேலையை முற்றுவித்தனர்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோட்டைக்கு நேர்ந்தது என்ன? மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டம்பரில், ஆங்கிலப் படை வந்து நின்றது. ஒல்லாந்தர் போரிடாமலே திறவுகோலைக் கொடுத்துவிட்டனர். ஐரோப்பியப் பகைவனை எதிர்பார்த்து எழுப்பிய அக்கொத்தளங்கள், அவன் வந்த நாளில் வாய் திறக்கவில்லை. அவற்றுக்கு வேலை வந்தது இருபதாம் நூற்றாண்டில். அப்போது அவற்றின் எதிரே இருந்தது யாழ்ப்பாண நகரமே.

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டை அமைதியாக உறங்கியது. உள்ளே சிறைச்சாலை இருந்தது; ஆளுநர் வந்தால் தங்குவதற்கு மாளிகை இருந்தது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப் 1905இல் இளம் அதிகாரியாக யாழ்ப்பாணம் வந்தபோது, கோட்டை மதில்மேல் இருந்த ஒரு பங்களாவில் குடியிருந்தார்.

முற்றவெளி

கோட்டைக்கும் ஊருக்கும் இடையே ஒரு பெருவெளி உண்டு. அதனை யாழ்ப்பாணத்தார் முற்றவெளி என்பர். பீரங்கிக் கோட்டையின் முன்னே மரமோ வீடோ இருத்தல் ஆகாது. வருபவனை மறைவின்றிக் கண்டு சுடுவதற்கு வெற்றிடம் வேண்டும். தில்லியிலும் இத்தகைய வெளி ஒன்று உண்டு. செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே இன்று திறந்து கிடக்கும் நிலம், 1857க்கு முன் வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்பகுதி. கிளர்ச்சியை அடக்கியபின் ஆங்கிலேயர் அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கினர். அக்பராபாதி மசூதியும் அப்போதுதான் மறைந்தது.

ஆனால் காலப்போக்கில் மக்கள் முற்றவெளியைத் தமதாக்கிக்கொண்டனர். அங்கே முனியப்பருக்குக் கோயில் எழுந்தது. விளையாட்டரங்கம் வந்தது. அருகே பொது நூலகம் வெண்ணிறக் கட்டடமாக உயர்ந்தது. கூட்டங்களும் விழாக்களும் அங்கே நடந்தன. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடைபெற்றபோது, நிறைவுநாள் கூட்டத்தில் காவற்படையினர் புகுந்ததால் ஏற்பட்ட குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழுந்து மக்கள் மாண்டனர். அவர்களுக்கான நினைவுத் தூண்களை இன்றும் அங்கே காணலாம். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இவை இரண்டும் கோட்டை மதிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே நிகழ்ந்தவை.

போர் மூண்டது

1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல்களையடுத்து உள்நாட்டுப் போர் மூண்டது. கோட்டைக்குள் இலங்கைப் படை இருந்தது. 1985ஆம் ஆண்டளவில் போராளிக் குழுக்கள் நகரைத் தம் கைக்குள் கொண்டுவந்து, படையினர் வெளியே வராதபடி கோட்டையைச் சூழ்ந்துகொண்டன. உள்ளிருந்து எறிந்த எறிகணைகள் ஊருக்குள் விழுந்தன. கடைத்தெருவும் பேருந்து நிலையமும் மருத்துவமனையும் கோட்டைக்கு அண்மையில் இருந்தமையால், அன்றாட வாழ்வே எறிகணை எல்லைக்குள் அடங்கிற்று.

இவ்விடத்தில் நம் தில்லிமாநகர் இக்கதைக்குள் வருகிறது. 1987 ஜூன் 4ஆம் நாள், இந்திய விமானப்படையின் ஐந்து விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொருள்களை இறக்கின. அம்முயற்சிக்குத் தில்லி இட்ட பெயர் பூமாலை. ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை செய்தனர். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் சென்றது. மக்கள் அதனை மாலையிட்டு வரவேற்றனர். கோட்டையிலும் இந்திய வீரர்கள் தங்கினர்.

அந்த அன்பு நெடுநாள் நிற்கவில்லை. அக்டோபரில் அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. 1987 அக்டோபர் 21ஆம் நாள், தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதனைத் தில்லியில் இருந்துகொண்டு எழுதுவது எளிதன்று. எழுதாமல் விடுவது நேர்மையன்று. ஆண்டுதோறும் அந்நாளில் மருத்துவமனையினர் இறந்தோரை நினைவுகூர்கின்றனர்.

மறுபுறமும் இழப்பு உண்டு. அமைதிப்படையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். அவருள் ஒருவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். பம்பாயில் பிறந்த தமிழர். நம்மைப் போலவே தாயகத்துக்கு வெளியே வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை. 1987 நவம்பர் 25ஆம் நாள் யாழ்ப்பாணப் பகுதியில் நிகழ்ந்த மோதலில் உயிர் துறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம் இந்தியா கேட்டுக்கு அருகே உள்ளது. அங்கே பரம்வீர் சக்கரம் பெற்றோரின் மார்பளவுச் சிலைகளுள் அவருடையதும் இருக்கிறது. அங்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அச்சிலையைக் காட்டும்போது, அவர் எந்த ஊரில், எத்தகைய போரில் மாண்டார் என்பதையும் சொல்லுதல் வேண்டும். தமிழ் பேசிய ஒருவர், தமிழ் பேசியவர்களோடு பொருது, தமிழ் மண்ணில் வீழ்ந்தார். எவரையும் இகழாமலும் எதையும் மறைக்காமலும் சொல்ல வேண்டிய செய்தி இது.

நூறு நாள் முற்றுகை

1990 மார்ச்சில் அமைதிப்படை முற்றிலும் திரும்பியது. ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர் தொடங்கியது. கோட்டைக்குள் இருந்த படைவீரரும் காவலரும் அடைபட்டனர். சுற்றிலும் பதுங்குகுழி வெட்டிப் புலிகள் நெருங்கினர். உணவும் மருந்தும் வானிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் குண்டுமழைக்கிடையே உள்ளே இறங்கிக் காயமுற்றோரை ஏற்றிச் சென்றது. மதிலைக் கடக்கப் புலிகள் செய்த முயற்சியும் வெற்றிபெறவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்தர் வகுத்த கணக்கு அந்நாளிலும் பொய்க்கவில்லை.

அதே வேளையில் ஊரின் நிலை என்ன? கோட்டையைக் காக்கும் பொருட்டு விமானங்கள் நகரின்மேல் குண்டு வீசின. பீப்பாய்களில் வெடிமருந்தை அடைத்தும் எறிந்தன. கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் கூரையோடு நின்ற வீடுகள் அருகின. மக்கள் குடிபெயர்ந்தனர். செப்டம்பர் 13ஆம் நாள் மண்டைதீவிலிருந்து நீரேரியைக் கடந்துவந்த படைப்பிரிவு கோட்டையை எட்டியது. ஆயினும் அதனை நிலையாக வைத்திருக்க இயலாது என்று கண்டு, செப்டம்பர் 26ஆம் நாள் இரவோடு படை முழுவதும் நீரேரி வழியே வெளியேறியது. கோட்டை புலிகளின் கையில் வந்தது. இனி ஒருமுறை படை வந்து இதில் குடியேறலாகாது என்று அவர்கள் மதில்களையும் கட்டடங்களையும் இடிக்கலாயினர். 1706இல் எழுந்த ஆலயமும் இப்போரில் அழிந்தது.

கோட்டை வீழ்ந்து ஒரு திங்கள் கடந்த சில நாட்களில், 1990 அக்டோபர் 30ஆம் நாள், நகரில் வாழ்ந்த முஸ்லிம் மக்களைச் சில மணி நேரத்தில் வெளியேறுமாறு புலிகள் கட்டளையிட்டனர். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு விரட்டப்பட்டனர். அவர்கள் பேசியதும் தமிழே. ஐந்தாண்டு கழித்து, 1995இல் அதே அக்டோபர் 30ஆம் நாள், படை நெருங்கி வந்தபோது, நகரத்துத் தமிழ் மக்கள் சில இலட்சம் பேர் இரவோடிரவாக ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. டிசம்பரில் நகரமும் கோட்டையும் மீண்டும் அரசுப் படையின் கையில் வந்தன. அப்போது கோட்டை என்று சொல்லத்தக்கதாக எஞ்சியது மிகக் குறைவு.

தில்லியின் கண்ணாடி

இச்செய்திகளைப் படிக்கும் தில்லிவாசிக்கு 1857 நினைவுக்கு வராமல் இராது. தில்லி முற்றுகை தொடங்கியது ஜூன் 8ஆம் நாள். செப்டம்பர் 14ஆம் நாள் காஷ்மீர் வாயில் தகர்க்கப்பட்டது. அம்மாதம் 21ஆம் நாளளவில் நகர் முழுவதும் வீழ்ந்தது. ஏறத்தாழ அதே ஜூன் முதல் செப்டம்பர் வரை, 133 ஆண்டுகளுக்குப் பின், யாழ்ப்பாணம் முற்றுகையில் இருந்தது. தில்லியிலும் முற்றுகைக்குப்பின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இந்துக்கள் முன்னும் முஸ்லிம்கள் நெடுநாள் பின்னுமாகவே திரும்ப விடப்பட்டனர். செங்கோட்டைக்குள் இருந்த மாளிகைகளுள் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்துப் படைவீடுகள் கட்டினர். நாம் இன்று காணும் மண்டபங்கள் அன்று தப்பியவை. படை அக்கோட்டையை விட்டு முழுவதும் அகன்றது 2003இல்தான்.

நாடும் காலமும் படைகளும் வேறு. ஆயினும் கோட்டையில் யார் இருந்தாலும், கோட்டையை யார் பிடித்தாலும், விலை கொடுத்தது மதிலுக்கு வெளியே வாழ்ந்த ஊர். ஊரைக் காப்பதற்கென்று எழுந்ததாகச் சொல்லப்படும் மதில், ஊரைத் தன் குறியெல்லைக்குள் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையின் வரலாற்றை முற்றவெளியில் நின்று பார்த்தால்தான் இது விளங்கும்.

இன்றைய நிலை

2009இல் போர் முடிந்தபின், இலங்கைத் தொல்லியல் துறை நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களைச் சீர்செய்யத் தொடங்கியது. கடலில் முருகைக்கல் வெட்டுவது இந்நாளில் தடைசெய்யப்பட்டிருப்பதால், அது எளிய வேலையன்று. கொத்தளங்களும் வாயிலும் ஓரளவு பழைய உருப்பெற்றன. ஆனால் ஆலயம் மீண்டும் எழவில்லை. இடிபாடுகளுக்கு அடியில் அகழ்ந்தபோது, ஒல்லாந்தருக்கும் பறங்கியருக்கும் பல நூற்றாண்டு முற்பட்ட பானையோடுகளும் சீனப் பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அந்தக் கரை பழைய வணிகத்துறை என்பது அவற்றால் தெளிவாகிறது. கோட்டை எழுவதற்கு முன் அவ்விடத்தில் கப்பல்கள் வந்தன, சரக்குகள் இறங்கின.

அந்நியர் கட்டிய அடிமைச் சின்னத்தைப் பொருள் செலவிட்டுப் புதுப்பிப்பது ஏன் என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நியாயமானதே. ஆனால் கோட்டையை முற்றிலும் அகற்றிவிட்டால் அங்கே நிகழ்ந்ததைக் காட்டுவதற்கு ஒரு கல்லும் எஞ்சாது. ஆதலின் செப்பனிட்ட மதிலும் வேண்டும். செப்பனிடாத இடிபாடும் அதன் அருகே இருத்தல் வேண்டும். இன்று மாலை வேளைகளில் யாழ்ப்பாணத்து மக்கள் குடும்பத்தோடு மதில்மேல் ஏறி நீரேரியின் காற்று வாங்குகின்றனர். சிங்களப் பகுதிகளிலிருந்து சுற்றுலா வருவோரும் ஏறுகின்றனர்.

செல்லும் வழி

தில்லியிலிருந்து சென்னை சென்றால், அங்கிருந்து பலாலிக்கு விமானம் உண்டு. 2019இல் தொடங்கி இடையில் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விடப்பட்டது; பருவமழை நாட்களில் அது ஓடுவதில்லை என்பதால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். கொழும்பு வழியாகச் செல்வோர் இரயிலில் யாழ்ப்பாணம் சேரலாம். 1990இல் அறுபட்ட அப்பாதை 2014இல் மீண்டும் இணைந்தது.

கோட்டைக்குள் நிழல் குறைவு. காலையிலோ மாலையிலோ செல்வது நன்று. செல்பவர் நேரே வாயிலுக்குள் நுழைந்துவிடாமல், முதலில் நூலகத்தைக் காண்க. 2003இல் மீண்டும் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் மாணவர்கள் அமர்ந்து படிப்பதைக் காணலாம். பிறகு முனியப்பர் கோயிலையும் நினைவுத் தூண்களையும் கண்டு, முற்றவெளியை நடந்தே கடந்து கோட்டைக்குள் செல்க. மதிலின் மேல் ஏறியதும் கடலை மட்டும் பார்த்துத் திரும்பிவிடலாகாது. நகரத்தின் பக்கமும் திரும்பி, மருத்துவமனையும் கடைத்தெருவும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று ஒருமுறை கண்ணால் அளந்து பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு செங்கோட்டைக்குச் செல்லும் அன்பர்களும் லாகூர் வாயிலின் முன்னே சற்று நின்று அவ்வாறே செய்வார்களாயின், தாம் நிற்கும் புல்வெளியில் ஒருகாலத்தில் எத்தனை வீடுகள் இருந்தன என்பதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.